குடத்துத் தண்ணீரும் லாரித் தண்ணீரும்

"புதிதாகச் சேர்ந்திருக்கிற எங்களுக்கு உதவியாக நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தாங்க மேடம்" என்று கேட்டீர்கள். எழுத உட்கார்ந்தால் நல்ல வார்த்தை ஒன்றும் வரவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் என் கோபம் அடங்கிவிடும் என்று என் வீட்டுக்காரர் நம்பிக்கொண்டிருந்தார். பாவம், அவர் நம்பிக்கை பொய்த்துவிட்டது. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன். பிடித்தால் படியுங்கள், பிடிக்காவிட்டாலும் படியுங்கள். இதில் ஒரு பகுதி இப்போது உங்கள் மேசைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

சிமெண்ட் எவ்வளவு, ஜல்லி எவ்வளவு என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. கம்ப்யூட்டரில் தட்டினால் உங்களுக்கு எஸ்டிமேட் வந்து விழுகிறது. ஆனால் மேலே இருப்பவர் பேனாவைக் கையில் கொடுத்து, "போடும்மா கையெழுத்தை" என்று சொல்லும்போது என்ன செய்வது என்று எந்தக் கம்ப்யூட்டரும் சொல்லித்தராது. அதைப் பற்றித்தான் சொல்கிறேன்.

நகராட்சி அலுவலகத்தின் சாலைப் பிரிவில் இளநிலைப் பொறியாளராக நான் வேலைக்குச் சேர்ந்தபோது, எனக்கு முன்பே அங்கிருந்த ஓவர்சியர் ஒருவர் நடைபாதையைப் பார்வையிடப் போகும்போதெல்லாம் செருப்பைக் கழற்றி ஜீப்பிலேயே போட்டுவிடுவார். எனக்குச் சிரிப்பு வரும். ஒருநாள் ஏன் என்று கேட்டேன். "இது திருவண்ணாமலைம்மா. நம்ம நடைபாதையில நடக்குறவன் பாதிப் பேரு வெறுங்கால்ல நடக்குறான். ஷூ போட்டுக்கினு பாத்தா எல்லாக் கல்லும் நல்ல கல்லுதான்" என்றார். அன்றிலிருந்து நானும் கழற்ற ஆரம்பித்தேன். மற்ற ஊர்ப் பொறியாளர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். மலையைச் சுற்ற வருகிறவர்களுக்கு வேடிக்கை இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு எங்கள் அலுவலகத்தில் ஒரு புதிய ஏற்பாடு வந்தது. நடைபாதைகளைப் புதுப்பிக்கவும் பராமரிக்கவும் ஆகும் செலவில் பாதி அலுவலகத்துடையது, மறு பாதி அந்தந்த இடத்து உரிமையாளருடையது. யார் எவ்வளவு என்பதற்கு ஒரே கணக்கு: உங்கள் கட்டடம் நடைபாதையை எத்தனை அடி தொடுகிறதோ அத்தனை அடிக்கு நீங்கள் பொறுப்பு. கூட்டத்தில் இதைப் படித்தபோது எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். கேட்கும்போது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. வீட்டு வாசலை வீட்டுக்காரன் பார்த்துக்கொள்ளட்டுமே என்று நினைத்தேன்.

நடந்தது வேறு. பாதிப் பணம் கொடுத்தவர்கள் முழு நடைபாதையையும் தங்கள் பெயருக்குப் பட்டா போட்டதுபோல நடந்துகொண்டார்கள். ஒருவர் சங்கிலி கட்டினார். ஒருவர் குரோட்டன்ஸ் தொட்டி வைத்தார். ஒரு ஜவுளிக்கடைக்காரர் ஜெனரேட்டரைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்திவிட்டு, "நாங்களும்தானே துட்டு குட்த்தோம்" என்று என்னிடமே சண்டைக்கு வந்தார். துட்டு கொடுக்காத காலத்தில் அவருக்குக் கொஞ்சம் பயமாவது இருந்தது. நடக்கிறவர்கள் ரோட்டில் இறங்கி பஸ்ஸோடு பஸ்ஸாக நடந்தார்கள்.

அதையெல்லாம்கூட நான் மறந்துவிடுவேன். மறக்க முடியாதது கலா வீட்டு மூலை.

கிரிவலப் பாதைக்குப் போகிற ஒரு தெருவும் அதன் பக்கவாட்டில் ஒரு சந்தும் சேருகிற மூலையில் கலாவின் வீடு இருக்கிறது. சின்ன ஓட்டு வீடு. முன்னறையில் இரண்டு கிரைண்டர்கள் ஓடும். அக்கம்பக்கத்து வீடுகளுக்கும், ஆசிரமம் பக்கம் இருக்கிற சில ஓட்டல்களுக்கும் இட்லி மாவு அரைத்துக் கொடுப்பது அவள் தொழில். புருஷன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். மாவை டப்பாக்களில் கட்டி அந்த ஆட்டோவிலேயே அனுப்பிவிடுவாள். மாவுத் தொழிலுக்கு மூலதனம் அரிசியும் உளுந்தும் என்று நினைப்பீர்கள். இல்லை, தண்ணீர். ஊறவைக்க, கழுவ, அரைக்க, கிரைண்டரைத் திரும்பக் கழுவ என்று எல்லாவற்றுக்கும் அலுவலகம் கொடுத்திருக்கிற ஒரே குழாய்தான்.

கலாவின் வீட்டுக்கு அடுத்தாற்போல, சந்துக்கு எதிர்ப்புறத்தில் ஒரு லாட்ஜ். தெருவைப் பார்த்து முன்பக்கம் ஒடுக்கம், பின்னால் ரயில் பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போகும், மேலே மாடிக்கு மேல் மாடி. நான் டேப் பிடித்து அளந்தேன். வீடு சின்னது என்றாலும் மூலை வீடு என்பதால் தெருப்பக்கமும் சந்துப்பக்கமுமாக நடைபாதையை நீளமாகத் தொடுகிறது. சந்தில் கலா வீட்டுப் பக்கம் மட்டும்தான் நடைபாதையே உண்டு. லாட்ஜோ தெருவில் அந்த ஒடுங்கிய முன்பக்கத்தை மட்டும் தொடுகிறது. கணக்குப்படி லாட்ஜைவிடக் கலாவுக்குத்தான் ஜாஸ்தி.

டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்த கலா கேட்டாள்: "இன்னா மேடம் இது? அவங்களாண்ட எத்தினி ரூம் இருக்குது! எத்தினி பேரு வந்து போறாங்க! எங்க வூட்டுக்கு வர்றது மாவு வாங்குற ஜனம்தான். எனக்கு எப்படி ஜாஸ்தி ஆச்சு?"

"அடிக்கணக்கும்மா" என்றேன்.

"அடி எங்களுக்கு, கணக்கு அவங்களுக்கா?" என்று சொல்லிவிட்டு டேப்பை விட்டாள். அது சுருண்டு வந்து என் கையில் அடித்தது. எனக்கு அது வேண்டியதுதான்.

இருந்தாலும் அவள் கட்டினாள். சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டினாள். பேவர் கல் பதித்தோம், பார்க்க அழகாகத்தான் இருந்தது. பௌர்ணமி அன்று மத்தியானத்திலேயே நடக்க ஆரம்பித்துவிடுகிற கூட்டம் உங்களுக்குத் தெரியும். இரவு நெரிசலுக்குப் பயந்து வெயிலிலேயே கிளம்பி விடுவார்கள். அந்த நேரத்தில் கல் தோசைக்கல்லாகக் காயும். அதனால் கலா அன்றைக்கு மட்டும் குடம் குடமாகப் பிடித்துத் தன் வீட்டு நடைபாதையில் ஊற்றிக்கொண்டே இருப்பாள். அந்தத் தெருவில் இன்னும் சிலர் அப்படிச் செய்கிறார்கள். யாரும் சொல்லிச் செய்வதில்லை. சுடுகிறது, ஊற்றுகிறார்கள்.

அடுத்த மழைக்காலத்துக்குள் சந்துப்பக்க நடைபாதை உட்கார்ந்துவிட்டது. ஓரக்கல் சாய்ந்து, பேவர் கல்லெல்லாம் பல்லுப் போன வாய் மாதிரி ஆகிவிட்டது. நான் போய்ப் பார்ப்பதற்கு முன்பே என் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் ஒரு சான்று தயாராக இருந்தது. வீட்டு உரிமையாளர் தொடர்ந்து தண்ணீர் ஊற்றியதால் நடைபாதை பழுதாகிவிட்டது, ஆகவே பாதி அல்ல, முழுச் செலவும் அவருடையது, கட்டத் தவறினால் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும். கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"நான் இன்னும் சைட்டையே பாக்கலையே சார்" என்றேன்.

"அதான் நான் பாத்துட்டேனே. காலையில அந்தப் பக்கமா போனேன். வாசல் பூரா ஈரம். கோலம் வேற."

"எல்லா வீட்டு வாசல்லயும் காலையில ஈரம்தான் சார் இருக்கும். கோலம் போட்டா கல்லு உடையுமா?"

"ஏம்மா, சின்ன விஷயம். இதுல போய் வக்கீல் மாதிரி பேசறீங்களே" என்றார்.

கவனியுங்கள் பிள்ளைகளே. இந்த வேலையில் உங்களை யாரும் பெரிய தப்புச் செய்யச் சொல்லமாட்டார்கள். சின்ன விஷயம் என்றுதான் சொல்வார்கள். கலாவின் கிரைண்டர் நிற்பது அவருக்குச் சின்ன விஷயம்.

பௌர்ணமி அன்று மத்தியானம் நேரில் வந்து பாருங்கள், அதற்கப்புறம் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். அன்றைக்குக் கூட்டமாக இருக்குமே என்றார். கூட்டம் நடக்கத்தானே நடைபாதை போட்டிருக்கிறோம் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

அன்று போனோம். நான் செருப்பைக் கழற்றினேன், அவர் ஷூவோடு இறங்கினார். வெயில் கொளுத்துகிறது. சனங்கள் சாரிசாரியாக வருகிறார்கள். கலா குடத்தைச் சாய்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரு அம்மா அந்த ஈரத்தில் கொஞ்சம் நின்று, "நல்லா இரும்மா" என்று சொல்லிவிட்டுப் போகிறார். மேலதிகாரி என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா? நான் சொன்ன தண்ணி" என்றார்.

அவர் சொல்லி வாய் மூடவில்லை, சந்துக்குள் ஒரு தண்ணீர் லாரி ரிவர்ஸில் வந்தது. லாட்ஜின் பின்வாசல் அந்தச் சந்தில்தான் இருக்கிறது. பௌர்ணமி அன்று எல்லா ரூமும் நிறைந்திருக்கும், அவர்கள் தொட்டிக்குத் தண்ணீர் வந்துகொண்டே இருக்க வேண்டும். சந்து குறுகல். திரும்ப இடம் இல்லை. டிரைவர் பழக்கப்பட்டவர், கொஞ்சமும் யோசிக்கவில்லை. நடந்துகொண்டிருந்தவர்கள் அலறியடித்து விலக, பின் சக்கரம் கலாவின் நடைபாதைமேல் ஏறியது. ஓரக்கல் எங்கள் கண்ணெதிரே நெளிந்தது. கல் நொறுங்குகிற சத்தம் கேட்டது. லாட்ஜ்காரர் பின்வாசலில் நின்றுகொண்டு, "வா வா வா, இன்னும் வரலாம்" என்று கையசைத்துக்கொண்டிருந்தார்.

லாரி நிறையத் தண்ணீர். நான் மேலதிகாரியைப் பார்த்தேன். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் என்று நினைத்தேன்.

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "லாரி ஃபைல்ல இல்லம்மா."

என் பணிக்காலம் முழுவதிலும் என்னை அப்படிக் கொதிக்கவைத்த வாக்கியம் வேறில்லை. குடத்தில் போன தண்ணீர் கல்லை உடைத்துவிட்டதாம். லாரியில் போன தண்ணீர் உடைக்கவில்லையாம். பார்த்தவர் வாயால் சொல்கிறார்!

அங்கேயே நின்று, "நான் கையெழுத்துப் போடமாட்டேன் சார். நீங்களே போட்டுக்கங்க" என்றேன். தூக்கியடித்துவிடுவேன் என்றார். தூக்கியடியுங்கள், எங்கே போனாலும் நடைபாதைதானே என்றேன். கலா குடத்தோடு நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் அப்படிப் பேசியது சரியா என்று பிறகு யோசித்தேன். சரிதான். நாம் அவர்களுக்காக எப்படிச் சண்டை போடுகிறோம், அல்லது போடவில்லை என்பது அவர்களுக்குத் தெரியவேண்டாமா?

அவரும் கையெழுத்துப் போடவில்லை. ஆபத்து என்றால் அடுத்தவன் கையெழுத்துதானே வேண்டும் இவர்களுக்கு! விஷயம் கொஞ்ச நாள் அப்படியே கிடந்தது. அதற்குள் பிழைக்கத் தெரிந்த லாட்ஜ்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். நம் ஊரில் எதற்கும் இருக்கவே இருக்கிறது உபயம். டியூப் லைட்டில் வெளிச்சம் வருகிற இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டு உபயதாரர் பெயரை எழுதிவைக்கிற ஊர்தானே இது. அந்தச் சந்துப்பக்க நடைபாதையைத் தன் சொந்தச் செலவில் கருங்கல் பாவித் தருகிறேன் என்று அறிவித்துவிட்டார்.

உடைத்தவர் வள்ளல் ஆகிவிட்டார். அலுவலகத்தில் சால்வை போட்டார்கள். ரிப்பன் வெட்டினார்கள். கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்ட கருப்புக் கல், மூலைக்கு ஒன்றாகக் கொட்டை எழுத்தில் உபயம், அதற்குக் கீழே அவர் பெயர். பாலிஷ் போட்டால் வழுக்கும், கருப்பாக இருந்தால் சுடும், சொரசொரப்பான கல்லாகப் போடுங்கள் என்று நான் தலைதலையாக அடித்துக்கொண்டேன். லாட்ஜ்காரர் என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்து, "பாலிஷ் இல்லன்னா பேரு எப்படிங்க மேடம் எடுப்பா தெரியும்?" என்றார்.

கலாவுக்கு முழுச் செலவு போடும் பேச்சு அத்தோடு நின்றது. அவள் நிம்மதியாக இருந்திருப்பாள் என்றா நினைக்கிறீர்கள்? வேறு உத்தரவு போனது. பாலிஷ் கல்லில் தண்ணீர் ஊற்றினால் யாராவது வழுக்கி விழுவார்கள், விழுந்தால் அவள் பொறுப்பு, மீறினால் குழாய் துண்டிக்கப்படும். சுற்றிச் சுற்றி எல்லோருக்கும் அந்த ஒரு குழாய்தான் கண்ணில் பட்டது.

சித்திரைப் பௌர்ணமி வந்தது. அந்தக் கருங்கல்லில் கால் வைத்தவர்கள் துள்ளிக் குதித்து ரோட்டில் இறங்கினார்கள். கலா தண்ணீர் ஊற்றவில்லை. அரிசி வந்த கோணிகளை நனைத்துப் பிழிந்து கல்லின்மேல் வரிசையாக விரித்துவிட்டாள். வழுக்காது, சுடாது. எவ்வளவு எளிமையான வேலை! கூட்டம் மறுபடியும் நடைபாதையில் ஏறியது.

ஒரே ஒரு குறை. கோணி, உபயதாரர் பெயரை மறைத்துவிட்டது. உடனே புகார் வந்தது. நடைபாதையில் ஆக்கிரமிப்பாம். ஜெனரேட்டர் வைத்தவனை யாரும் ஆக்கிரமிப்பு என்று சொல்லவில்லை. அன்றைக்கே எடுத்துவிட்டு வரச்சொல்லி என்னைத்தான் அனுப்பினார்கள்.

போனேன். கலா ஒன்றும் வாதாடவில்லை. "எடுத்துக்கினு போங்க மேடம். உங்க மேல எனக்கு ஒண்ணும் கோவம் கெடையாது. ஆனா செருப்பக் கழட்டிட்டு எடுங்க" என்றாள்.

நான் ஏற்கெனவே கழற்றித்தான் இருந்தேன். ஒரு கோணியை உருவிவிட்டு அந்த இடத்தில் நின்றேன். பொறுக்க முடியவில்லை. உள்ளங்கால் எரிச்சல் மறுநாள்வரை இருந்தது. கோணியை இருந்த இடத்திலேயே திரும்பப் போட்டேன். நின்றபடி யோசித்தேன். எடுத்தால் சனங்கள் ரோட்டில் இறங்குவார்கள். விட்டுவிட்டுப் போனால் நாளைக்கு வேறொருவன் வந்து எடுப்பான், கலாவுக்குத்தான் நோட்டீஸ் வரும். அந்தக் கோணி கலாவுடையதாக இருக்கும்வரை அவளுக்கு ஆபத்து. அலுவலகத்துடையதாக ஆகிவிட்டால்?

பௌர்ணமி ஏற்பாடுகள் என்று நமக்கு ஒரு செலவினம் இருக்கிறது. குடிநீர்த் தொட்டி, நடமாடும் கழிப்பறை எல்லாம் அதில்தான் வரும். தேங்காய் நார்ப் பாய் அதில் ஏன் வரக்கூடாது? அன்று சாயங்காலத்துக்குள் பாய்களை வரவழைத்து அந்த மூலை முழுக்கப் போட்டு நனைக்கச் சொன்னேன். கலாவின் கோணிகளை மடித்து அவளிடமே கொடுத்தேன். "ஆக்கிரமிப்பு எடுத்தாச்சு சார்" என்று மேலதிகாரிக்குப் போனில் சொன்னேன். பொய் இல்லையே!

லாட்ஜ்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். "என்னங்க மேடம், ஊருக்கு நல்லது பண்ணா இதுதான் மரியாதையா? என் பேரே தெரியலயே!"

"தெரியிற இடம் ஒண்ணு இருக்குதுங்க. லாரி பின்னாடி எழுதி வெச்சுக்கங்க. ஏறும்போது ஊரே பாக்கும்" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். கலா மட்டும் சிரிக்கவில்லை. இந்த மனுஷர் நாளைக்கும் எதிர்வாசலில்தான் இருப்பார் என்று அவளுக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியவில்லை.

நான் இருந்தவரை ஒவ்வொரு பௌர்ணமிக்கும் பாய் போட்டோம். நான் ஓய்வு பெற்று வந்த பிறகு நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று கேட்டால், இது தேவையா என்று தணிக்கையில் கேட்பார்களாம். கலா மறுபடியும் கோணிக்குப் போய்விட்டாள்.

போன வாரம் மாவு வாங்க அந்தப் பக்கம் போயிருந்தேன். கருங்கல் நடுவில் பிளந்து கிடக்கிறது. உபயம் என்ற சொல் ஒரு பக்கம், பெயர் ஒரு பக்கம். நடுவில் டயர் ஏறிய பள்ளம். லாரி மட்டும் பழையபடி வந்துகொண்டிருக்கிறது. கலா உள்ளே போய் ஒரு நோட்டீஸைக் கொண்டுவந்து கொடுத்தாள். நடைபாதை பழுது, அடிக்கணக்குப்படி உரிமையாளர் பங்கைக் கட்டவும், தவறினால் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும்.

"அவுரு பேரு போட்ட கல்லு, அவுரு லாரி ஏறி உடைஞ்சுது. நான் ஏன் மேடம் கட்டணும்?" என்று கேட்டாள். பின்னால் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

பதில் சொல்கிற நாற்காலியில் நான் இப்போது இல்லை. உபயம் செய்தவர் செய்து முடித்துவிட்டார், பராமரிப்பு மட்டும் பழையபடி அடிக்கணக்கில் வந்து நிற்கிறது. உடைப்பவர் யார் என்று கேட்க அந்த விதியில் ஒரு வரிகூட இல்லை. சேர்க்கச் சொல்லி நான் எழுதிக்கொடுத்ததை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. மாவுக்குக் காசு நீட்டினேன், வேண்டாம் என்றாள். அது இன்னும் வெட்கமாக இருந்தது.

அந்தக் கோப்பு உங்களில் ஒருவருடைய மேசையில் இருக்கிறது. யாருடைய மேசை என்று நான் விசாரிக்கவில்லை, உங்களுக்கே தெரியும். குழாயைத் துண்டிக்கும் உத்தரவில் கையெழுத்துப் போட இடம் விட்டிருப்பார்கள். சின்ன விஷயம் என்று சொல்லித்தான் நீட்டுவார்கள். பேனாவை மூடிவைத்துவிட்டு, வருகிற பௌர்ணமி மத்தியானம் அந்த மூலைக்குப் போங்கள். செருப்பை ஜீப்பிலேயே விட்டுவிட்டு இறங்குங்கள். கோணியை ஒதுக்கிவிட்டு, அந்தப் பெயர்மேல் ஏறி, லாரி வருகிறவரை நில்லுங்கள்.

அதற்கப்புறமும் கலாவிடம்தான் காசு கேட்க வேண்டும் என்று தோன்றினால், தாராளமாகக் கையெழுத்துப் போடுங்கள்.